பதினொரு மாசம் பாத்து வாங்கின ஸ்கோப்

சித்தெ காலை அந்தப் பக்கம் ஒதுக்கிக்குங்க, பை மேல பட்டுரும். மடியிலயே வெச்சுக்கலாம்னுதான் பாத்தேன், உள்ள முறுக்கு டப்பாவும் இருக்குது, கனக்குது. நீங்க கரூர்ல எறங்கறீங்களா, திருச்சி வரைக்குமா? திருச்சியா. அப்பச் சரி, நானும் அங்கதான்.

பையில என்னன்னு பாக்கறீங்க. கேட்டா சொல்லிப்போடறேன். துப்பாக்கி மேல மாட்டுற ஸ்கோப்புங்க. தள்ளி உக்காராதீங்க, துப்பாக்கி இல்ல, மேல மாட்டுற குழாய் மட்டுந்தான். லென்ஸ் வெச்ச குழாய். அதுல கண்ணை வெச்சுப் பாத்தா குறி பக்கத்துல தெரியும். இந்தச் சாமான் ஒண்ணுக்காக நான் பதினொரு மாசம் அலைஞ்சிருக்கேன். இதுனால எனக்குக் கோயமுத்தூர்ல நாலு பேருக்கு முன்னால மானம் போச்சு. இன்னிக்கு இதையும் எடுத்துக்கிட்டுத்தான் என்ற மருமவளைப் பாக்கப் போறேன்.

எம் பேரு நல்லசிவமுங்க. ஊரு வெள்ளோடு. சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்தோரு வருஷம் நெலம் அளக்கற தியோடலைட்டுல கண்ணை வெச்சவன். காடு கரையெல்லாம் அந்தக் குழாய் வழியாப் பாத்து அளந்து கல்லு நட்டிருக்கேன். அதுனால லென்ஸைப் பத்தி எனக்கு ஒருத்தன் சொல்லித் தரணும்ங்கறது இல்ல. இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னால நீங்களே ஒரு கேள்வி கேப்பீங்க, இவ்வளவு தெரிஞ்ச மனுசன் எப்படி ஏமாந்தான்னு. நான் ஏமாறலீங்க. ரூலு சரியில்ல.

மருமவ பேரு கோகிலவாணி. வாணின்னு கூப்புடுவோம். பையன் தினகரனுக்குக் கட்டி வந்து நாலாம் மாசம், ஒரு நாள் காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டு நகராம நிக்கிறா. என்ன கண்ணுன்னேன். காலேஜ்ல என்சிசியில துப்பாக்கி சுட்டிருக்கேன் மாமா, கப்பு வாங்கியிருக்கேன், ஈரோட்டுல ரைபிள் கிளப் இருக்குது, தினம் காலைல போயி பழகட்டுமா, நல்லா வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைகூட கிடைக்கும்ங்கறா. என்ற ஊட்டுக்காரி சரசு சமையக்கட்டுக்குள்ள கரண்டியைக் கீழ போட்டா. அவளுக்குப் பேரன் வேணும். துப்பாக்கி புடிச்ச மருமவ வேண்டாம்.

நான் நடுநிலையான ஆளுங்க. ரெண்டு பக்கமும் அளந்துதான் கல்லு நடுவேன். சொன்னேன், இதா பாரு வாணி, போறதுன்னா ஒழுங்காப் போகணும். நல்ல ஸ்கோப் இல்லாம போட்டிக்குப் போயி நிக்கிறது நம்ம குடும்பத்துக்கு மரியாதை இல்ல. ஸ்கோப்பை நான் பாத்து வாங்கித் தர்றேன். அது முடிவாகுற வரைக்கும் பழகு. ஸ்கோப் வந்ததும் ஒரே ஒரு போட்டி. அதோட எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண் மேல போட்டுட்டு ஊட்டு சோலியைப் பாரு. என்ன சொல்றேன்னேன்.

அவ என்னைப் பாத்தா, அத்தையைப் பாத்தா. ஏதோ சொல்ல வந்தா. "மாமா, ஸ்கோப் வந்துங்க..."ன்னு ஆரம்பிச்சா. செலவைப் பத்தி நீ கவலைப்படாதே, விலையும் கம்மியா இருக்கோணும், இருவது வருஷம் உழைக்கவும் செய்யோணும், அந்த மாதிரி ஒண்ணைப் புடிக்கிறது என் வேலைன்னேன். நான் குடிச்ச டம்ளரைக் கையில எடுத்துக்கிட்டா. அப்புறம் சொன்னா, "அவசரமில்லீங்க மாமா. நிதானமாப் பாருங்க." எவ்வளவு அடக்கமான பொண்ணு பாருங்க.

கிளப்புக்குப் போயி முதல் வேலையா டேப்பைப் போட்டேன். குறி அட்டை பத்து மீட்டர்ல இருக்கோணும்னு கோச் சொன்னான். அல்போன்ஸுன்னு பேரு, சின்ன வயசு. அளந்தா ஒன்பது மீட்டர் தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டர்தான் வருது. ரெண்டு சென்டிமீட்டர் குறையுது. எத்தனை வருஷமா தப்பான தூரத்துல சுட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எழுதிக் குடுத்து, சுடறவங்க நிக்கற கோட்டைத் தள்ளிப் போட வெச்சேன். அப்பவே அந்த அல்போன்ஸ் என்னமோ சொல்ல வந்தான். "சார், ஸ்கோப் விஷயமா ரூல் புக்ல..."ன்னான். வாணி குறுக்க பூந்து, "கோச், மாமா சொல்லி முடிக்கட்டுமே"ன்னா. மூத்தவங்க பேசறப்ப நடுவுல பேசக் கூடாதுன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரல. என்ற மருமவ சொல்லித் தந்தா. அதுக்கப்புறம் அந்தப் பையன் என்னைக் கண்டாலே வாயைத் துண்டால பொத்திக்கிட்டு அக்கட்டால போயிருவான். மரியாதைன்னா அப்படி இருக்கோணும்.

முதல் ஸ்கோப் கோயமுத்தூர்ல ஒரு கடையில வாங்கினது. விலையும் சல்லிசு, பாக்கவும் லட்சணமா இருந்துச்சு. கடைக்காரன் அடிச்சுச் சொன்னான், யானை சுடுற துப்பாக்கி மேல மாட்டினாலும் உதைக்கு அசையாது சார்னு. கொண்டாந்து கிளப் துப்பாக்கி மேல மாட்டினேன். அது ஸ்பிரிங் வெச்ச ஏர் ரைபிள், பலூன் சுடுற துப்பாக்கிக்குப் பெரியண்ணன்னு வெச்சுக்குங்க. வாணி நாப்பது சுடு சுட்டா. உள்ள இருந்த குறுக்குக் கம்பி கழண்டு ஒரு ஓரமாப் போயி சாஞ்சுக்கிச்சு. யானைத் துப்பாக்கிக்குத் தாங்குறது எலித் துப்பாக்கிக்குத் தாங்கல.

கடைக்காரன்கிட்டப் போயி சத்தம் போட்டேன். அவன் சாவகாசமா, "ஏர் ரைபிள்னு சொல்லவே இல்லையே சார்"ங்கறான். பெரிய துப்பாக்கி பின்னால மட்டுந்தான் உதைக்குமாம். ஸ்பிரிங் துப்பாக்கி முதல்ல பின்னால உதைக்கும், உள்ள ஸ்பிரிங் போயி முட்டுனதும் முன்னால ஒரு இழுப்பு இழுக்குமாம். பின்னால வர்ற உதைக்குத் தயார் பண்ணின சாமான், முன்னால வர்ற இழுப்புல போயிருமாம். எதுத்த பக்கம் இருந்து வரும்னு எதிர்பாக்கவே இல்லைன்னா எப்படித் தாங்கும், நீங்களே சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சுது. ஆனா அவன்கிட்டப் புரிஞ்ச மாதிரி காட்டிக்கல.

ஏனுங்க, முறுக்கு எடுத்துக்கிறீங்களா? வாணிக்குன்னு செஞ்சது. ஒண்ணு எடுத்தா ஒண்ணும் ஆகாது. அத்தைக்காரி கையாலயே சுட்டுக் குடுத்திருக்கா, கோவம் எல்லாம் வாய்லதான்.

ரெண்டாவது ஸ்கோப்பை நான் லேசுல விடல. முதல்ல பரீட்சை, அப்புறந்தான் காசுன்னு கடைக்காரன்கிட்டச் சொல்லி வாங்கியாந்துட்டேன். மாடியில நின்னு சென்னிமலையைப் பாத்தேன். மலை மேல படிக்கட்டுல ஆளுக ஏறுறது தெரியுது. குடை புடிச்சுக்கிட்டுப் போறவன் தெரியறான். இதுதான்டா சாமான்னு முடிவு பண்ணிப்போட்டேன். கீழ எறங்கி வந்து, வாணி, முடிஞ்சுது, அடுத்த மாசம் போட்டிக்குப் பேரு குடுத்துருன்னேன்.

அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. மடிச்ச துண்டை மறுபடி பிரிச்சு மறுபடி மடிச்சா. "மாமா, இது மழைக்குத் தாங்குங்களா?"ன்னா.

நான் அதை யோசிக்கவே இல்ல. நியாயமான கேள்விதான? சுடுற இடத்துக்கு மேல கூரை இருக்குது, அது வேற விஷயம். நாளைக்குக் கூரை ஒழுகுனா? ஒரு மாசம் பரீட்சை பண்ணினேன். பக்கெட்டுத் தண்ணிக்குள்ள ராத்திரி போட்டு காலைல எடுத்துப் பாப்பேன். ஒரு சொட்டு உள்ள போகல. சரி, வாங்கிரலாமான்னேன். "கீழ விழுந்தா என்னங்க மாமா ஆகும்?"ன்னா. அதுக்கு ஒரு மாசம். ஏணி மேல ஏறி, கீழ சாக்கைப் போட்டு, ஒவ்வொரு படியா ஏத்திப் போட்டுப் பாத்தேன். அப்புறம் சித்திரை வெயிலுக்கு லென்ஸு பனிச்சுக்குமான்னா. அதுக்கு பிரிட்ஜுல வெச்சு எடுத்து மொட்டை மாடியில வெச்சேன். என்ற ஊட்டுக்காரி தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்துல ஸ்கோப்பைப் பாத்துட்டு ஒரு வாரம் என்கூடப் பேசல.

எனக்கே சில சமயம் கோவம் வரும். நான் முடிவு பண்ற நேரம் பாத்து இந்தப் பொண்ணு ஒரு சந்தேகத்தைக் கொண்டாந்து போடும். அதுக்குள்ள ரெண்டு போட்டி வந்துட்டுப் போயிருச்சு. தினகரன்கிட்டச் சொன்னேன், உன் பொண்டாட்டிக்கு எதுலயும் திருப்தி வராது போலயிருக்குன்னு. அவன் சாப்பாட்டுல இருந்து தலையைத் தூக்காம, "ஆமாங்கப்பா, அவ ரொம்ப நிதானம்"னான். புரைக்கேறி தண்ணி குடிச்சான்.

ஆனா ஒண்ணு சொல்லோணும். அவ ஒரு நாள் தவறுனது இல்ல. மழையோ காச்சலோ, காலைல ஆறு மணிக்குக் கிளப்புல இருப்பா. நான் எட்டு மணிக்குத்தான் ஸ்கோப்பை எடுத்துக்கிட்டுப் போவேன். வேற யார் கையிலயும் குடுத்துவிட மாட்டேன். அந்த ரெண்டு மணி நேரம் அவ சும்மா ஓப்பன் சைட்டுலதான் சுட்டுக்கிட்டு இருப்பா. ஓப்பன் சைட்டுன்னா துப்பாக்கி மேல கழட்டி மாட்டுற ஒரு தகட்டுல காடி வெட்டியிருக்கும், முன்னால ஒரு முள்ளு நிக்கும், வெறுங்கண்ணுல ரெண்டையும் நேரா வெச்சு சுடோணும். அந்தக் காலத்து ஏற்பாடு. பாவம், ரெண்டு மணி நேரம் வீணாப் போகுதேன்னு எனக்கு மனசு அடிச்சுக்கும்.

எல்லாப் பரீட்சையும் முடிச்சு அந்த ரெண்டாவது ஸ்கோப்பை மாட்டினா, "மாமா, கலங்கலாத் தெரியுதுங்க"ங்கறா. சென்னிமலையில குடை தெரிஞ்ச சாமான், பத்து மீட்டர்ல இருக்கற அட்டை தெரியலையாம். உனக்குக் கண்ணுல கோளாறுன்னு கையோட கண் டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த டாக்டர் கடைசி வரி எழுத்து வரைக்கும் படிக்கச் சொன்னார். அவ அதுக்குக் கீழ அச்சடிச்ச கம்பெனி பேரையும் சேத்துப் படிச்சா. அப்பறந்தான் தெரிஞ்சுது, தூரத்துக்குன்னு செஞ்ச ஸ்கோப் கிட்டத்துல கலங்கும்னு. பக்கத்துல இருக்கறதைப் பாக்க முடியாத சாமானை எதுக்குத்தான் செய்யறாங்களோ. திருப்பிக் குடுத்துட்டு மூணாவதா வாங்கினதுதான் இந்தப் பைக்குள்ள இருக்கறது. முன்னால ஒரு வளையம் இருக்கும், பத்து மீட்டருக்கும் திருப்பி வெச்சுக்கலாம். ஸ்பிரிங் துப்பாக்கியோட ரெண்டு பக்க உதையும் தாங்கும். விலையும் அடக்கம். பதினோராவது மாசம் இது. வாணி, இதுக்கு மேல ஒரு சந்தேகமும் இருக்கக் கூடாதுன்னேன்.

இந்தத் தடவை அவ ஒரு கேள்வியும் கேக்கல. "போதுங்க மாமா. இப்பப் போலாம்"னா. என்னமோ அவளும் பரீட்சை முடிச்ச மாதிரி சொன்னா.

எங்க மாவட்டத்துப் போட்டியைக் கோயமுத்தூர்லதான் வெச்சாங்க. நான் ஸ்கோப்பைப் பழைய வேட்டியில சுத்தி டப்பாவுல வெச்சுக் கொண்டுபோனேன். உள்ள போறதுக்கு முந்தி ஒரு மேசை போட்டு எல்லா சாமானையும் சோதிக்கிறாங்க. ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. டப்பாவைத் திறந்து, வேட்டியைப் பிரிச்சு, ஸ்கோப்பைக் கையில எடுத்தாங்க. "இது யாருது? இங்க டெலஸ்கோப்பெல்லாம் மாட்டக் கூடாதுங்க. இந்தப் போட்டியே வெறுங்கண்ணுல சுடுறதுதான். தெரியாதா?"ன்னாங்க.

வரிசையில இருவது பேரு நிக்கிறாங்க. பத்தாவது படிக்கிற புள்ளைகளெல்லாம் நிக்குது. எல்லாம் என்னையே பாக்குது. ஒரு சின்னப் புள்ளை களுக்குன்னு சிரிச்சுது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சுங்க. அம்மா, இதைத் தண்ணியில போட்டுப் பரீட்சை பண்ணியிருக்கேன்னேன். ஏணியில இருந்து போட்டதையும் சொன்னேன். அந்த அம்மா ஸ்கோப்பை மறுபடி வேட்டியில சுத்தி, கொழந்தையைக் குடுக்கற மாதிரி என் கையில குடுத்தாங்க.

போச்சுடா, பதினொரு மாசமும் போச்சு, இந்தப் பொண்ணோட வேலையும் போச்சுன்னு டப்பாவை மூடிக்கிட்டே நெனச்சேன். நம்மால கெட்டுச்சேன்னுதான். திரும்பிப் பாத்தா வாணி நிதானமா பைக்குள்ள கையை விட்டு, கைக்குட்டையில முடிஞ்சு வெச்சிருந்த ஓப்பன் சைட்டை எடுக்கறா. "விடுங்க மாமா. நான் சும்மாவே சுட்டுப் பாக்கறேன்"ங்கறா. எப்பவும் பையில வெச்சிருப்பாளாம். எவ்வளவு முன்யோசனை பாத்தீங்களா. அந்த அல்போன்ஸ் அன்னிக்கும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் நின்னான்.

நான் உள்ள போகலீங்க. வெளிய வேப்பமரத்தடியில டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். உள்ளிருந்து டப்பு டப்புன்னு சத்தம் வருது. எது நம்ம பொண்ணு சுட்டதுன்னு எப்படித் தெரியும்? இருந்தாலும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எண்ணினேன். கண்ணு கலங்கிருச்சு. சொல்றதுக்கென்ன, அழுதேன்.

சுட்டு முடிச்சு வந்தா. நானூத்துக்கு முந்நூத்தி எழுபத்தொம்பது. மாவட்டத்துல முதல் இடம். மெடலைக் கழட்டி என் கையில வெச்சா. "மாமா, நீங்க பதினொரு மாசம் பாத்தது வீண் போகலீங்க"ன்னா. அவ கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. நன்றி இருக்கற பொண்ணுங்க. ஸ்கோப்புல பழகுனதுனாலதான் வெறுங்கண்ணு அவ்வளவு லேசா இருந்திருக்குது, நானும் அதைத்தான் எல்லாருக்கும் சொல்றேன். ஸ்கோப்பை மட்டும் விட்டிருந்தாங்கன்னா நானூத்துக்கு நானூறு.

ஏன் சிரிக்கறீங்க? முறுக்கு காரமா?

ஊட்டுக்கு வந்ததும் அத்தைக்காரி பரணுக்கு ஏணியைப் போட்டுட்டா. ஒரு போட்டின்னீங்க, முடிஞ்சுது, கொண்டா அந்தச் சுடுறப்பப் போடுற சட்டையைன்னா. பேச்சு பேச்சுதான, நானும் சரின்னுதான் நின்னேன். அப்ப வாணி என்கிட்ட வந்து சொல்றா, "மாமா, மாவட்டத்துல ஜெயிச்சா மாநிலத்துக்குப் போகணும். அது வேற போட்டி இல்லீங்க. சர்வே நம்பர் ஒண்ணுதான், உட்பிரிவு மட்டும் வேற." யோசிச்சுப் பாத்தேன். அவ சொன்னதுல தப்பே இல்ல. நாப்பத்தி ரெண்டுல பார் ஒண்ணு, பார் ரெண்டு. காடு ஒரே காடுதான. சரசு, ஏணியை எடு, இது உட்பிரிவுன்னேன். அவளுக்கு ரெவின்யூ விஷயம் ஒண்ணும் தெரியாது, மொனகிக்கிட்டே எடுத்துட்டா.

மாநிலத்துல வெள்ளி. அதுக்கு மேல ஆறு மாசத்துல கவர்மெண்டு வேலை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல. திருச்சியில போட்டிருக்காங்க. தினகரனும் பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டு மூட்டையைக் கட்டிக்கிட்டுப் பின்னாலயே போயிட்டான். ஊட்டுல நானும் சரசும் அந்தப் பரணும்தான். சாயங்காலமானா ஊடு ஓன்னு கிடக்குது. பிரிட்ஜைத் திறந்தா தயிர்ப் பாத்திரம் மட்டும் இருக்குது. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சுங்க. ஒரு சோலியும் இல்ல.

போன வாரம் அவளே போன் பண்ணினா. சரசு பக்கத்துல நின்னுக்கிட்டு, வேலைதான் கிடைச்சாச்சே, இன்னும் எதுக்குக் காலைல எந்திரிச்சு சுடப் போறாளாம், எப்ப நிறுத்தப் போறாளாம்னு கேளுங்கன்னு இடிக்கறா. கேட்டேன்.

வாணி சொன்னா, "மாமா, அடுத்து நேஷனலுக்குப் பீப் சைட் வேணுங்க. சின்ன ஓட்டை வழியாப் பாத்து சுடுற சாமான். நல்லதா, விலை அடக்கமா, உழைக்கிற மாதிரி வேணும். உங்களை விட்டா வேற யாரு பாப்பாங்க? அது முடிவாகுற வரைக்கும் மட்டும் நான் பழகறேன். அப்புறம் நிறுத்திக்கறேன்னு அத்தைகிட்டச் சொல்லிருங்க."

இந்தத் தடவை நான் ரூலையும் கேட்டுப்போட்டேன். இது மாட்டலாமாம், புத்தகத்துலயே இருக்குதாம். அதான் கெளம்பிட்டேன். ஸ்கோப்பு சும்மா கூட இருக்கட்டும்னு எடுத்துக்கிட்டேன், ஒப்பிட்டுப் பாக்க வேணுமில்ல. திருச்சியில நாலு கடை பாக்கோணும், அப்புறம் மெட்ராஸ் போகோணும். மழை, வெயில், விழுகறது, எல்லாத்துக்கும் பரீட்சை வெக்கோணும். கண்ணு, இது ஸ்கோப்பு மாதிரி இல்ல, நுணுக்கமான சாமான், கொறஞ்சது ரெண்டு வருசமாவது ஆகும்னு சொல்லிட்டேன்.

அவ என்ன சொன்னா தெரியுங்களா? "ஆகட்டுங்க மாமா. அவசரமே இல்ல. நிதானமாப் பாருங்க."

இப்பத்தானுங்க அந்தப் பொண்ணுக்கு ஒரு பொருளை எப்படி வாங்கோணும்னு புரிஞ்சிருக்குது.